படுத்துப் பார்த்த இடம்

வெள்ளைச் சாயம் பூசிய ஒரு சின்ன வீடு, சன்னலில் பூப்போட்ட திரையோடு, அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கேமரன் மலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்குத் தேயிலையோ பனியோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. இந்தக் காட்சிதான் வரும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வருகிற கேரவன் அது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்து ஜனங்கள் அதற்குச் ‘சக்கர வீடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்து மேலாளரான துரை குடையைப் பிடித்தபடி நின்றார். ஜனங்கள் இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலக் கைகட்டி ஓரமாக நின்றார்கள். நடுச்சேற்றில், கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை ஒரு கையால் அழுத்தியபடி நின்றவர் என் நாத்தனார். அந்த இடத்தைக் காட்டியவர் அவர். அதைப் பாழாக்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பெருமைப்பட்டுச் சொல்ல வந்த கதையை இவள் ஏன் சேற்றிலிருந்து ஆரம்பிக்கிறாள் என்று நீங்கள் கேட்கலாம். அவர் எங்கிருந்து எழுந்து வந்தார் என்பது தெரிந்தால்தான் என் பெருமை உங்களுக்கு விளங்கும்.

அவர் என் கணவரின் அக்காள். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காளை ‘அண்ணி’ என்று கூப்பிடுவது வழக்கம். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். எழுபதுகளின் நடுவில், கீழே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு மலைக்கு வந்தேன். வந்த அன்றைக்கே குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தம்பியிடம், “கட்டுனதுதான் கட்டுன, கொஞ்சம் சதப்பிடிப்பான பொண்ணாப் பாத்துக் கட்டியிருக்கக் கூடாதா? இது பனிக்குத் தாங்காதுலா” என்றார். அன்று தொடங்கியது எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, “வெந்நி நல்லாருக்கு புள்ள” என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. “இன்னும் ரெண்டு வாய் குடிங்கண்ணி, வாய்க்கொழுப்பு கரையும்” என்பேன். அப்படியே சிரித்துக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பதிலுக்குப் பதில் பேசுகிறவர்களைத்தான் பிடிக்கும் என்பது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

கொழுந்து பறிப்பதில் அவர் கை பேர்போன கை. கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. லயத்தின் கோடி வீட்டில் தனியாக இருந்தார். வாசலில் செவ்வந்தி, பின்பக்கம் ஒரு பாத்தி கீரை, தீபாவளிக்குத் தீபாவளி கதவுக்குப் பச்சைச் சாயம். சாயம் அடிக்கும்போது யாரையும் தொடவிட மாட்டார். ஒரு மழைக்காலத்தில் கூடையோடு சரிவில் உருண்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் முழங்கால் அதற்குப் பிறகு மலை ஏறச் சம்மதிக்கவில்லை. தோட்டத்து டிரஸர், அதாவது எங்கள் மருத்துவ உதவியாளர், இனி கொழுந்து நிரையில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆபீசைக் கூட்டித் துடைக்கிற இலகு வேலை கொடுத்தார்கள். அதுவும் வருஷக் கடைசி வரைக்கும்தான் என்று கொஞ்ச நாளில் செய்தி வந்தது. தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. எத்தனை தலைமுறை அந்த மண்ணில் வியர்வை சிந்தியிருந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். நல்ல மனுஷன். “அக்கா, நீ எதுக்கு யோசிக்கிற? நம்ம வீட்டுக்கு வந்துரு” என்றார். நானும் மனப்பூர்வமாகத்தான் கூப்பிட்டேன். அண்ணி கேட்கவில்லை. “எலி வளையானாலும் தனி வளை வேணும் தம்பி. ஒன் வீட்டுல நான் ஒரு வாய் சோறு திங்க ஒன் பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும். அது ஏற்கனவே உர்ருன்னுதான் இருக்கும்” என்றார். நான் முறைத்தேன். “பாத்தியா, பாத்தியா” என்று என்னையே காட்டினார். சிரிப்புக்குள் அவர் பயம் எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது, கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் துரைக்கு ஒரு யோசனை வந்தது. இளவயது மலாய்க்காரர், ஜனங்களிடம் மரியாதையாக நடப்பவர். கோலாலம்பூரில் ஒரு சங்கம் இருந்தது. சக்கர வீடுகளையும் கூடாரங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளி விடுமுறைகளில் ஊர் சுற்றுகிற குடும்பங்கள். வெள்ளைக்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். விடுமுறைக்கு விடுமுறை வந்து தங்க, மலையில் நிரந்தரமாக ஓர் இடம் தேடினார்கள். பக்கத்து டவுனான தானா ராத்தாவுக்கு வெளியே வேறொருவர் ஒரு நிலத்தைக் காட்டியிருந்தார். துரை எங்கள் தோட்டத்துக்கும் வந்து பார்க்கும்படி எழுதினார். இங்கே அமைந்தால் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் குடியிருக்க வீடும் கொடுப்பார்கள். ஆபீசைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி இதைக் காதில் வாங்கிவிட்டார். துடைப்பத்தை அங்கேயே சாத்தி வைத்துவிட்டுத் துரை முன்னால் போய் நின்று, அந்த வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டார். சங்கத்துக்கு இடம் பிடித்துப்போனால் கொடுப்பதாகத் துரை வாக்குக் கொடுத்தார். எந்த இடத்தைக் காட்டலாம் என்றும் அவரிடமே கேட்டார்.

செய்தி தெரிந்ததும் என் வீட்டுக்காரர் குதித்தார். “எங்க அக்கா எவனெவனோ போற கக்கூசுக்குக் காவலா? நாலு பேரு என்ன சொல்வான்?” என்றார். “அந்த நாலு பேரும் எனக்கு வீடு குடுப்பானா? கேட்டுட்டு வா, நான் நிறுத்திக்கிறேன்” என்றார் அண்ணி. அதோடு தம்பி வாயை மூடிக்கொண்டார். ஆனால் முகம் மட்டும் பல நாள் தொங்கியே இருந்தது.

அண்ணி காட்டியது லயத்துக்குக் கீழே இருந்த திடல். சமதளம், பக்கத்திலேயே பைப்பு, கூப்பிடு தூரத்தில் ஜனம். துரையும் சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டது. விருந்தாளி வருகிறார்கள் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? மண்வெட்டியை எடுத்தார்கள். ஒரு புல் விடாமல், வேரோடு செதுக்கி வழித்தார்கள். அட்டை இருக்கும், பாம்பு வரும், பார்க்கிறவன் நம்மைச் சோம்பேறி என்பான். புல் முளைத்த வாசல் ஆளில்லாத வீட்டுக்கு அடையாளம். நானும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு செதுக்கினேன். ஈர்க்குமாறு போட்டுக் கூட்டி, மாட்டுச்சாணம் கரைத்துத் தெளித்து, வருகிற அன்று காலையில் பெண்கள் கூடிக் கோலமும் போட்டோம். திடல் பொங்கலன்று கோயில் வாசல் இருப்பதைப் போல இருந்தது. துரை வந்து பார்த்து, ரொம்பச் சுத்தம் என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “வெள்ளைக்காரன் அசந்து போயிருவான்” என்றார்.

அசந்துதான் போனார்கள். மத்தியானம் வண்டிகள் வந்து சேர்ந்தன. கூடவே மழையும் வந்தது. மலையில் அந்தக் காலத்தில் மத்தியான மழை சொல்லிவைத்தபடி வரும். எங்களுக்கு அது தெரியாததில்லை. ஆனால் வேரை வழித்த மண் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கண்ணெதிரே கோலம் கரைந்து, சாணம் கரைந்து, திடலே கூழாகிவிட்டது. கூடாரத்துக்கு அடித்த முளைகள் வெண்ணெயில் குத்திய குச்சியைப் போலச் சாய்ந்தன. முதலில் இறங்கிய சக்கர வீடு அப்படியே அமிழ்ந்தது. நான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி அதுதான். கடைசியில் என் வீட்டுக்காரர் லோரியைக் கொண்டுவந்து கயிறு கட்டி அதை இழுத்துப் போட்டார். வந்தவர்களுக்குத் தமிழ்ப் பள்ளியின் வகுப்பறையைத் திறந்துவிட்டோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

நான் அப்போது அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அதனால் பேச்சை மொழிபெயர்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சங்கத்தின் செயலாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கோபப்படவில்லை. காலுறையைப் பிழிந்துகொண்டே, இங்கே இருந்த புல் எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டார். நான் அதை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “புல்லா? புல்லு எதுக்கு அவங்களுக்கு? மாடா வளக்குறாங்க?” என்றார். அந்த அம்மாளுக்கு நான் இதை எப்படி மொழிபெயர்ப்பது? பொதுவாக, விருந்தினருக்காகச் சுத்தம் செய்தோம் என்று சொல்லிவைத்தேன். அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். புல்லின் வேர்தான் முளையைப் பிடித்துக்கொள்ளும், சக்கரத்தைத் தாங்கும், ஈரம் ஏறாமல் காக்கும். அதோடு, சிமெண்டிலும் தாரிலும் வாழ்கிறவர்கள் புல்லில் படுக்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அண்ணி கடைசிவரை கேட்டார். பிறகு என்னிடம் மெதுவாக, “வீட்ட விட்டுட்டுப் புல்லுல படுக்கவா வர்றாங்க? இத மொதல்லயே யாராச்சும் சொல்லக் கூடாதா புள்ள” என்றார். மறுநாள் காலையில் வண்டிகள் தானா ராத்தா பக்கம் போய்விட்டன.

லயத்தில் அன்று முழுக்க அதே பேச்சு. நேற்று மண்வெட்டி பிடித்தவர்களே இன்று, அப்போதே வேண்டாமென்று நினைத்தேன் என்றார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினால் ஏறி மிதிக்க எறும்புகூட வரும் என்று யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் மறுபடி வந்து, “போதும்க்கா. மானம் போனது போதும். மூட்ட முடிச்சக் கட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா” என்றார். அண்ணி கீரைப் பாத்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மறுநாள் விடிந்ததும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு நொண்டி நொண்டி நடந்தார். துரை முன்னால் போய், “தப்பு எங்களோடதுதான். ஆனா நாங்க அசிங்கம் பண்ணல, மரியாத பண்ணோம். இன்னொரு வாட்டி அவங்களக் கூப்புடுங்க துவான்” என்றார். பாதி மலாயும் பாதித் தமிழுமாகச் சொன்னார். துரை நல்லவர். தானும்தான் அதைப் பார்த்துச் சுத்தம் என்று பாராட்டியதாக ஒப்புக்கொண்டார். சங்கம் தானா ராத்தா நிலத்தை இன்னும் முடிவு செய்யவில்லை. வருஷக் கடைசி விடுமுறைக்குள் வேறு இடம் காட்ட முடிந்தால் இன்னொரு முறை எழுதிக் கேட்பதாகச் சொன்னார். அதற்குமேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார். அண்ணியின் வேலை முடிகிற நேரமும் அதுதான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு தாங்காது. அண்ணி ஒரு பழைய கம்பளியைத் தோளில் போட்டுக்கொள்வார். என் கையில் ஒரு குடையைக் கொடுப்பார். தோட்டத்துக்குள் எங்கெங்கே காலி நிலம் உண்டோ அங்கெல்லாம் போவோம். போனதும் கம்பளியை விரித்து நீட்டிப் படுத்துவிடுவார். “அவங்க வந்து நிக்கவா போறாங்க? படுக்கப் போறாங்க. படுத்துப் பாத்தாத்தான் எடத்தோட கொணம் தெரியும். நீயும் படு” என்பார். நானும் படுப்பேன். மழை வரும். குடையை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, முதுகுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்போம். மேலே சரிவில் பூச்சிமருந்து அடிக்க வந்தவர்கள் ஒருநாள் எங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு பெண்கள் செத்துக் கிடக்கிறார்கள் என்று நினைத்து ஓடிவந்தார்கள். அண்ணி படுத்தபடியே, “சாகலடா, ரெஸ்டு எடுக்குறோம். போய் வேலையப் பாருங்க” என்றார். லயத்தில் அண்ணிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டு வாயைப் பொத்திச் சிரித்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன். மண்ணில் முதுகு பட மேகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க, எங்கள் வர்க்கத்துப் பெண்களுக்கு வேறு எப்போது வாய்த்தது?

ஆற்றோரம் பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் படுத்தால் ஈரம் எலும்பு வரை ஏறியது. முகட்டின் மேல் நின்றால் மலை மலையாகத் தேயிலை தெரியும். துரைக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. அண்ணி அங்கே படுத்தபோது காற்று கம்பளியையே பறித்துக்கொண்டு போனது. நான் சரிவு முழுக்க அதன் பின்னால் ஓடினேன். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த நிலத்தில் இலை வாடுகிற வாசம் மூக்குக்கு இதமாக இருந்தது. எந்திர இரைச்சல் காதைப் பிய்த்தது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தோம், நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது அண்ணி வழியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. “இந்த மலையில இத்தன எடம் இருக்கு. எனக்குன்னு ஒண்ணு இல்லாமப் போயிருமா புள்ள?” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அவருடைய காலை என் மடியில் எடுத்து வைத்து உருவிவிட்டேன்.

பழைய நாற்றுமேடைக்குப் போனது அதற்கு அடுத்த வாரம். ஒரு காலத்தில் தேயிலை நாற்று வளர்த்த இடம். நாற்றுகளை வேறு பக்கம் மாற்றிய பிறகு யாரும் எட்டிப் பார்க்காத நிலம் அது. படிப்படியாகச் சமன் செய்த மண், அதன்மேல் கணுக்காலுக்கு அடர்ந்த புல், காற்றை மறிக்க வரிசையாக நட்ட மரங்கள். தண்ணீர்ப் பைப்பு இருந்தது. லோரி வந்து திரும்புகிற அளவுக்குப் பாதை இருந்தது. காவல்காரன் தங்கிய ஒரு பலகை வீடும் கூரையோடு நின்றது. அண்ணி கம்பளியை விரித்துப் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டேன். மழை பெய்து ஓய்ந்தது. தண்ணீர் படிகளின் ஓரக் கான்களில் இறங்கி ஓடியது, மேலே நிற்கவில்லை. “அண்ணி” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தால் வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை வந்துகொண்டிருந்தது. சரிவில் விழுந்த நாளிலிருந்து சரியான தூக்கமில்லாமல் தவித்த மனுஷி. நான் எழுப்பவில்லை. வெயில் முகத்தில் பட்ட பிறகு தானாகவே விழித்து, “தூங்கிட்டேன் புள்ள” என்றார். கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தார். “இதான்லா எடம்” என்றார்.

இடம் கிடைத்துவிட்டது; அதை நம் ஜனங்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. சங்கத்தார் மறுபடி வருகிறார்கள் என்ற செய்தி பரவியதும், முதல்முறை பட்ட அவமானத்தைத் துடைக்கவேண்டும் என்று பெண்கள் மண்வெட்டிகளோடு நாற்றுமேடைக்குக் கிளம்பி வந்துவிட்டார்கள். எல்லாம் அன்புதான். “புல்லு மண்டிக் கெடக்குற எடத்துலயா விருந்தாளியப் படுக்க வெப்ப? நமக்கு ஈனமில்லையா?” என்று ஒருத்தி கேட்டாள். அண்ணி புல்லுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கம்பை மடியில் வைத்துக்கொண்டார். “ஒருத்தி மண்வெட்டிய எறக்குங்க பாப்போம்” என்றார். அதோடு நிற்கவில்லை. லயத்து மாடுகளைக் கொண்டுவந்து கட்டிப் புல்லை மட்டமாக மேயவிட்டார். பிறகு மாடுகளை விரட்டி, சாணத்தைப் பொறுக்கி, அட்டைக்குப் பயந்து ஓரங்களில் மட்டும் சுண்ணாம்பு தூவினார். வாழ்நாளெல்லாம் களை பிடுங்கியே கூலி வாங்கிய கை அது. புல்லை விட்டுவைக்க அந்தக் கை எவ்வளவு தவித்தது என்பது எனக்குத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தானாகப் போய் ஒரு புல்லைப் பிடுங்கும். “சீ” என்று தன் கையைத் தானே அடித்துக்கொள்வார். பெண்கள் ரொம்ப மனசு விட்டுப்போயிருந்ததால், பைப்படிச் சிமெண்டுத் தரையில் மட்டும் கோலம் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

அந்த வெள்ளைக்கார அம்மாள் இந்தமுறை ஒரு வண்டியோடுதான் வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகிற எண்ணம். இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் வெறுங்காலோடு நடந்தார். ஒரு முளையை எடுத்துச் சுத்தியலால் அடித்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அண்ணி என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே நின்றார். மறுநாள் பார்த்தபோது அங்கே கன்றிப்போயிருந்தது. வழக்கமான மழையும் வந்தது. எல்லோரும் மரத்தடியில் ஒதுங்கினோம். மழை விட்டதும் அந்த அம்மாள் புல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று துரையிடம் ஆங்கிலத்தில் கேட்டார். துரை கையை நீட்டி அண்ணியைக் காட்டினார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி, இருபது முப்பது வருஷமாக வெள்ளைக்காரர்களைக் கண்டால் தலையாட்டுவதைத் தவிர வேறு அறியாத என் நாத்தனார், ஓரடி முன்னால் வந்து நின்றார். “சாயா சுடா தீடோர் சினி” என்றார். நான் இங்கே தூங்கியிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த அம்மாளுக்கும் அந்த அளவுக்கு மலாய் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். வண்டியிலிருந்து கூடாரத்தை இறக்கச் சொல்லி, திட்டமிட்டு வராதபோதும் அன்று அங்கேயே தங்கினார். காலையில் எழுந்துவந்து துரையிடம் சொன்னது ஒரு வாக்கியம்தான்: தானும் தூங்கிவிட்டதாகச் சொன்னார். இவர் என் அண்ணி என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும் போலிருந்தது.

புது வருஷம் பிறக்கும் முன்பே அண்ணி பலகை வீட்டுக்குக் குடிபோனார். அந்தக் கதவுக்கும் பச்சைச் சாயம் அடித்தார். கழிப்பறையைக் கழுவினார், தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், எந்த வண்டி எந்தப் படியில் நிற்கவேண்டும் என்று கம்பை நீட்டி அதட்டினார். கோலாலம்பூர் டாக்டர்களும் வெள்ளைக்கார என்ஜினியர்களும் அந்தக் கம்புக்குக் கட்டுப்பட்டு ரிவர்ஸ் எடுப்பதை நான் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். புதிதாக ஓர் இடத்தில் கூடாரம் போடவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், முதலில் படுத்துப் பார்க்கச் சொல்லுவார். பெரிய மனிதர்கள் வேட்டியும் கால்சட்டையுமாகப் புல்லில் படுத்து எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டார். அக்காவின் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் ‘மேற்பார்வை’ என்பார்.

இப்போது நான் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாடி வீடு, தனி அறை, வெந்நீர்க் குழாய். மருமகன் தங்கமான பிள்ளை. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் தொலைக்காட்சியைப் போடும் முன் யாராவது தூங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். ரசத்துக்குப் புளி கூடக் கரைக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கரைக்கிறேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை; நானாகவேதான் கேட்கிறேன். அண்ணி எதற்காக மழையில் முதுகு நனையப் படுத்துக் கிடந்தார் என்பது அந்தக் காலத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மலை இன்று வேறு மாதிரி ஆகிவிட்டது என்கிறார்கள். சாலை முழுக்கக் கார், எங்கு பார்த்தாலும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரை. அண்ணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவரைப் பற்றி மகளிடம் சொல்லும்போது நான் எப்போதும் கடைசியாகச் சொல்வது அந்த ஒருநாள் மத்தியானத்தைத்தான்.

எண்பதுகளின் கடைசி. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதியால் கண் மங்கிவிட்டது. இனி லோரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் பள்ளி வேலை தற்காலிகம். லயத்து வீடு அவர் பெயரில் இருந்தது. அந்த இளம் துரை எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். ஆபீசிலிருந்து சாவி கேட்டு ஆள் வந்தபோது, தானா ராத்தாவில் நாங்கள் தேடிய வாடகை வீடு எதுவும் இன்னும் அமையவில்லை. அக்காவுக்குச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் லயத்தில் எந்த வாய்க்குப் பூட்டு உண்டு? அண்ணியே நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தம்பியை நிமிர்ந்தும் பார்க்காமல், “சட்டி பானைய எடுத்து வையி புள்ள. அடுப்புல ஒலை வெச்சுட்டு வந்திருக்கேன்” என்றார்.

பலகை வீட்டில் நாங்களும் பள்ளிக்கூடம் படிக்கிற எங்கள் மகளும் வரிசையாக உட்கார்ந்தோம். வெளியே புல்லில் யாரோ கூடாரத்துக்கு முளை அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணி சோறு போட்டுக் குழம்பை ஊற்றினார். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கவில்லை. தலையைக் குனிந்தபடி, “நான் ஒன்ன வெச்சுக் காப்பாத்துறேன்னு சொன்னேன். இப்ப நானே வந்து ஒன் வீட்டுல ஒண்டும்படி ஆயிருச்சேக்கா” என்றார். அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

“அன்னிக்கு நான் ஒன் வீட்டுக்கு வந்திருந்தேன்னா, இன்னிக்கு நாலு பேரும் நடுரோட்டுல நின்னுருப்போம்டா தம்பி. சாப்புடு” என்றார்.

அவர் சாப்பிட்டார்.